குன்றிமணி அளவு

கம்ப்யூட்டருக்கு விபூதி பூசச் சொல்லிக் குற்றாலிங்கத்திடம் யாரும் சொல்லவில்லை. அவராகத்தான் பூசினார். நாலு நாளாக மல்லுக்கட்டியும் வழிக்கு வராத ஒன்றை மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

மலையடிவாரத்தில் ஒரு வைத்திய மடம். திங்கள்தோறும் இலவசமாக மருந்து கொடுக்கும் இடம். குற்றாலிங்கம் அங்கே எட்டு வருஷமாகச் சீடர். அதற்கு முன் மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. அவருடைய குரு ஆவுடையம்மைக்கு முப்பத்தைந்து.

"மக வயசுப் பொண்ணு கால்ல போய் விழுதியே" என்று பழைய கூட்டாளிகள் கேலி பேசுவார்கள்.

"கரண்டுக்கு என்ன வயசுன்னு கேட்டா தொடுதோம்?" என்பார் குற்றாலிங்கம்.

காரியம் இதுதான். மடத்தின் கைமருந்துப் புத்தகம் அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மறுநாள் விட்டு மறுநாள் தைப்பூசம். முகாமுக்கு ஆயிரம் பேராவது வருவார்கள், ஆளுக்கொரு புத்தகம். அதில் முப்பத்தோராம் பக்கத்தில், பேதி மாத்திரைக்குக் கீழே, ஒரு வரி தப்பு. பெரியவர்களுக்குக் குன்றிமணி அளவு உரசிக் கொடுக்கவும் என்றிருந்தது. அது சரி. குழந்தைகளுக்கும் குன்றிமணி அளவு என்றே இருந்தது. அங்கே இருக்க வேண்டியது கடுகளவு.

இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்று நினைக்கிறவர்கள் கீழூர்த் தங்கபுஷ்பத்தைக் கேட்கலாம். கார்த்திகையில் இந்தப் பக்கம் மட்டும், இதே வரியோடு, ஒரு துண்டுத்தாளாக அச்சாகி மடத்திலிருந்து போயிற்று. அவள் அதைப் பார்த்துத் தன் நாலு வயது மகளுக்குக் குன்றிமணி அளவு உரசிக் கொடுத்தாள். பிள்ளை வயிற்றோட்டம் நிற்காமல் வாடின கீரைத்தண்டாகி, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தது. புண்ணியத்துக்குப் பிழைத்துக்கொண்டது. குற்றாலிங்கம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஊசி குத்திய அந்தச் சின்னக் கை அவர் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, கொடுத்த துண்டுத்தாளையெல்லாம் திரும்ப வாங்கி எரித்தார்.

அவருக்கு விளங்காத சங்கதி ஒன்று இருந்தது. அந்த வரியை அவர் ஐப்பசியிலேயே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். சத்தியமாகத் திருத்தினார். ஆகவே பழியை அச்சகத்து மீரான் தலையில் போட்டார்.

"நீங்க குடுத்ததைத்தான்யா அடிச்சேன்" என்று மீரான் ஆயிரம் தடவை சொன்னார். குற்றாலிங்கம் கேட்கவில்லை. ஆவுடையம்மையிடமும் "அச்சுப் பிழை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தப்பு முதலில் யார் எழுதியது என்பதை மட்டும் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாலு நாளைக்கு முன்னால்தான் வினை வெளியே வந்தது. மடத்தில் புத்தகத்து எழுத்தெல்லாம் கம்ப்யூட்டரில் ஓர் எடிட்டருக்குள் இருக்கும். எஃப் ஏழு என்ற பொத்தானை அழுத்தினால், ஆவுடையம்மை அதற்கென்று எழுதிவைத்த கட்டளை ஓடும். எழுத்தை எடுத்து, பக்கம் பிரித்து, எண் போட்டு, அச்சுக்குப் போகிற பிடிஎஃப்பாகக் கட்டிக் கொடுக்கும். 'பிழை இல்லை' என்று கீழே பச்சையில் ஒரு வரியும் வரும். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போவதுதான் அவர் வழக்கம். பிள்ளை விஷயத்தில் சூடு பட்டவராயிற்றே, இந்தத் தடவை பிடிஎஃப்பைத் திறந்து முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தார். குழந்தைகளுக்குக் குன்றிமணி அளவு.

மீரானைத் திட்டியதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து மறுபடி மறுபடி திருத்தினார். அழித்துவிட்டு எழுதினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எஃப் ஏழு பொத்தானைக் கழற்றித் தூசு தட்டினார். எடிட்டரையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார். கடைசியில்தான் விபூதி. ஆவுடையம்மையோ மூலிகை பறிக்க மலைக்குப் போயிருந்தாள். போனும் எட்டாத இடம்.

அன்று காலை பதினொரு மணிக்கு அவள் தலைச்சுமையோடு இறங்கி வந்தாள். மூலிகைக் கட்டை இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் நெற்றியில் மூன்று பட்டையைப் பார்த்தாள்.

"இதுக்கு என்ன, காய்ச்சலா?"

"அம்மை, சிரிக்காதிய. பன்னெண்டு மணிக்கு மீரான் மிஷினை ஓட்டியாகணும். எடிட்டர்ல கடுகளவுன்னு இருக்கு. எஃப் ஏழு அழுத்துதேன். பிழை இல்லைங்குது. திறந்து பாத்தா குன்றிமணிங்குது."

"எத்தனை தடவை அழுத்துனிய?"

"நூத்தி எட்டு."

"எண்ணிக்கிட்டா அழுத்துனிய?"

"முதல்ல எண்ணல. அப்புறம் ஜெபம் மாதிரி ஆயிட்டு."

ஆவுடையம்மை கை கழுவிவிட்டு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஐயா, ஒரு தெருவுல பத்து வீடு. எந்த வீட்டுக்கு எந்த லைன்ல கரண்டு போவுதுன்னு தெரியல. தாள்ல எழுதி வைக்கல. நீங்க என்ன செய்விய?"

நேரம் போகிற நேரத்தில் இது என்ன கேள்வி என்று குற்றாலிங்கத்துக்கு எரிச்சலாகத்தான் வந்தது. குருவாயிற்றே என்று அடக்கிக்கொண்டார்.

"ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவோம். எந்த வீட்டுல விளக்கு அணையுதோ அந்த வீடு அந்த லைன்."

"அப்பப் பிடுங்குங்க."

"எதை?"

"நீங்க திருத்துனிய பாருங்க, அந்த எழுத்தை. முழுசும். ஒண்ணு விடாம அழிங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் விளையாடுகிறவளாகத் தெரியவில்லை.

"நாப்பத்தெட்டுப் பக்கம், அம்மை."

"பிடுங்குன கட்டையை மறுபடி மாட்டத் தெரியாதா உங்களுக்கு? ஒரு பொத்தான்ல திரும்பி வந்துரும். அழிங்க."

குற்றாலிங்கம் எழுத்து முழுவதையும் தேர்ந்தெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். கண்ணைத் திறந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. சேமித்தார்.

"இப்ப எஃப் ஏழு."

அழுத்தினார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகியது. கீழே பச்சையில் வந்தது: நாற்பத்தெட்டுப் பக்கங்கள். பிழை இல்லை.

குற்றாலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். எதிரே ஓர் எழுத்துகூட இல்லை. ஆனாலும் நாற்பத்தெட்டுப் பக்கம் கட்டியிருக்கிறது.

"அம்மை..."

"சொல்லுங்க."

"கட்டையைப் பிடுங்கிட்டேன். விளக்கு எரியுது."

"அப்படின்னா?"

"இந்த வீட்டுக்கு இது லைனே இல்ல!"

முப்பத்து நாலு வருஷ உத்தியோகம் ஒரு நொடியில் அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பொத்தானும் கெடவில்லை, எடிட்டரும் கெடவில்லை, தன் மூளையும் கலங்கவில்லை. நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. அழித்த எழுத்தைப் பொத்தானை அழுத்தித் திரும்பக் கொண்டுவந்தார்.

"இப்பக் கட்டளையைத் திறங்க. எங்க இருந்து எடுக்குதுன்னு பாப்போம்."

அந்தக் கட்டளையை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை. குரு எழுதியது. கோவில் உண்டியலைத் திறக்கிற கூச்சத்தோடு திறந்தார். ஒரே வரி. விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். 'அம்மை' என்ற ஃபோல்டரில் 'கைமருந்து' என்ற ஃபைலை எடுத்துக் கட்டு.

"நீங்க திருத்துன ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கு?"

குற்றாலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"திருத்தம்னு ஒரு ஃபோல்டர்."

"அது யாரு வச்சது?"

"நான்தான். ரெண்டு வருஷமா இருக்கு. உங்க ஃபைலை அப்படியே ஒரு நகல் எடுத்து, அதுல திருத்துவேன்."

"என் ஃபைல்லயே திருத்துனா என்ன?"

அவர் அலமாரியைப் பார்த்தார். அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது. மடத்தைத் தொடங்கிய பெரியம்மை காலத்துப் பெட்டி. குரு எழுதியதன் மேல் இன்னொரு கை கோடு போடக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். தப்பு கண்டவர்கள் அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

ஆவுடையம்மையும் பெட்டியைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டியை யாரு திறப்பாக?"

"பெரியம்மைதான். அமாவாசைக்கு அமாவாசை. ஒவ்வொரு சீட்டா எடுத்து, அவுக கையால அவுகளே திருத்துவாக."

"சரி. கம்ப்யூட்டருக்குள்ள நீங்க ஒரு பெட்டி வச்சிருக்கிய. அது எனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

பதினொன்றேகால் ஆகியிருந்தது. போன் அடித்தது. மீரானாகத்தான் இருக்கும். குற்றாலிங்கம் எடுக்கவில்லை.

"சொன்னா, அம்மை எழுதுனதுல தப்புன்னு சொல்லணுமே. எப்படிச் சொல்ல?"

இப்போது அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தானே தன் ஃபைலைத் திறந்தாள். முப்பத்தோராம் பக்கத்து வரிக்குப் போனாள். குழந்தைகளுக்குக் குன்றிமணி அளவு. அவள் அடித்த எழுத்து. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"கார்த்திகைல அச்சுப் பிழைன்னு சொன்னிய."

"சொன்னேன்."

"நான் எழுதுனதா இது?"

"கை தவறியிருக்கும் அம்மை. மேல் வரியில குன்றிமணின்னு அடிச்ச கையோட..."

"நான் எழுதுனதா?"

"ஆமா. ஐப்பசியிலதான் பாத்தேன், நகல்ல திருத்திட்டேன்."

அவள் முகம் என்ன ஆகும் என்று பார்க்கக் குற்றாலிங்கத்துக்குத் தைரியம் இல்லை. நாலு நாளாக அவர் பயந்தது புத்தகத்துக்கு மட்டும் அல்ல. இந்த நிமிஷத்துக்கும்தான். அவசரமாகப் பேசினார்.

"ஒரு வழி இருக்கு அம்மை. கட்டளையை மாத்திருவோம். 'அம்மை' ஃபோல்டர்னு இருக்கதைத் 'திருத்தம்'னு ஆக்கிருவோம். புத்தகம் சரியா வந்துரும். நீங்க எழுதுனது எழுதுனபடியே கிடக்கட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கட்டளை மேல என்ன குத்தம்? சொன்ன சொல்லு தப்பாம செஞ்சிருக்கு."

"அப்போ?"

"இந்த வரியை அழிங்க."

"இது உங்க ஃபைலு."

"தெரியுது."

"குரு எழுதுனதுல சீடன் கை வைக்கக் கூடாதுல்லா?"

ஆவுடையம்மை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஐப்பசியில நீங்க எனக்குச் செஞ்ச மரியாதை, இந்தா, உங்க திருத்தம் ஃபோல்டருக்குள்ளயே இருந்துட்டு ஐயா. அந்தப் பிள்ளை வயித்துக்குள்ள போனது என் எழுத்துதான்."

கட்டில், குளுக்கோஸ் பாட்டில், ஊசி குத்திய கை எல்லாம் அவர் கண்முன் வந்து நின்றன. ஐப்பசியிலேயே திருத்தியாயிற்று என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். திருத்தியது உண்மைதான். யாருக்கும் போய்ச் சேராத இடத்தில் திருத்தியிருக்கிறார்.

குற்றாலிங்கம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். குருவின் எழுத்தைத் தன் கையால் அழித்தார். கடுகளவு என்று அடித்தார். சேமித்தார். எஃப் ஏழு.

பச்சையில் பிழை இல்லை என்று வந்தது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிடிஎஃப்பைத் திறந்து நேரே முப்பத்தோராம் பக்கத்துக்குப் போனார். குழந்தைகளுக்குக் கடுகளவு உரசிக் கொடுக்கவும்.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், மேஜைமேல் இருந்த விபூதிப் பொட்டலம் பறந்து போயிற்று.

"உங்க பெட்டியில வேற எத்தனை சீட்டு இருக்கு?" என்று கேட்டாள் ஆவுடையம்மை.

"இன்னும் பதினாறு."

"வாசிங்க. நேரம் இருக்கு."

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் இரண்டை மென்று விழுங்கிக்கொண்டு வாசித்தார். மூன்றாவதில் குரல் கொஞ்சம் தெளிந்தது.

"இருமல் கஷாயத்துக்கு ஏலக்காய் நாப்பதுன்னு இருக்கு. நாலுதான் இருக்கணும்."

"நாப்பதா எழுதியிருக்கேன்?"

"நாப்பது."

"நாப்பது ஏலக்காய் போட்டுக் கஷாயம் வைக்கணும்னா வீட்டை வித்துல்லா வைக்கணும்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். குருவின் தப்பைக் கேட்டு குருவே சிரிப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். பிறகு அவருக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. பதினாறில் பதினைந்தை அவரே அவள் ஃபைலில் திருத்தினார். ஒன்றில் மட்டும் "இல்ல ஐயா, இதுல நான் எழுதுனதுதான் சரி, நீங்க தப்பாத் திருத்தியிருக்கிய" என்றாள். ஏன் என்று விளக்கமும் சொன்னாள். அது இரண்டு வருஷமாகக் கேட்காமல் போன விளக்கம்.

பதினொன்று ஐம்பதுக்குப் புத்தகம் அச்சகத்துக்குப் போனது. பன்னிரண்டு ஐந்துக்குப் போன் அடித்தது. இந்தத் தடவை குற்றாலிங்கம் ஓடிப்போய் எடுத்தார்.

"வந்துட்டுய்யா" என்றார் மீரான். "ஓட்டட்டுமா?"

"பாய், முப்பத்தோராம் பக்கத்தைக் கொஞ்சம் திறங்க. பேதி மாத்திரைக்குக் கீழ ரெண்டாவது வரி. வாசிங்க."

"குழந்தைகளுக்குக் கடுகளவு உரசிக் கொடுக்கவும்."

"இன்னொரு தடவை."

"கடுகளவுய்யா, கடுகளவு! இப்பவாவது நம்புதியளா, நீங்க குடுத்ததைத்தான் நான் அடிக்கேன்னு?"

"நம்புதேன் பாய். கார்த்திகையிலயும் நான் குடுத்ததைத்தான் அடிச்சிருக்கிய. தப்பு மடத்துல. உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய."

மீரான் பேச்சை மாற்றினார்.

"விடுங்கய்யா. பிள்ளை நல்லா இருக்காளா?"

"இருக்கா. போன வாரம் பார்த்தேன், கொய்யா மரத்துல ஏறிக்கிட்டு இறங்க மாட்டேங்கா."

சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை வைத்துவிட்டு மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். நாலு நாளில் முதன்முறையாகப் பசித்தது.

ஆவுடையம்மை வெளியே போய் மூலிகைக் கட்டைப் பிரித்து நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் கம்ப்யூட்டரின் விபூதியை ஈரத்துணியால் துடைத்தார். அணைக்கப் போகும்போது அது கண்ணில் பட்டது. 'அம்மை' ஃபோல்டருக்குப் பக்கத்தில் 'திருத்தம்' ஃபோல்டர். இரண்டு வருஷம் பயபக்தியோடு காத்த ஃபோல்டர். வாசல்வரை வந்து நின்றார்.

"அம்மை, அந்தத் 'திருத்தம்' ஃபோல்டரை என்ன செய்ய? பூசைக்குரியது மாதிரி வச்சிருந்தேன். அப்படியே இருக்கட்டுமா?"

அவள் ஒரு வேரை மண் உதறிப் பாயில் வைத்தாள்.

"அந்த லைன்ல யாரு வீட்டு விளக்கும் எரியல ஐயா. பிடுங்கிருங்க."